வயிற்றுக்குள் நடப்பது வெறும் 'கேஸ்' தானா? இரைப்பையின் உட்படலம் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது யாராவது ஒருவர் ஒதுங்கி வந்து, நான்காக மடித்த ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவது தேங்காய்ப்பட்டணத்தில் எனக்குப் பழகிப்போன ஒன்று. "உஸ்தாதே, எண்டோஸ்கோப்பி எடுத்து ரிப்போர்ட் வந்திருக்கு. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, துஆவும் செய்யுங்க" என்பார்கள். மதரஸாவில் ஓதியதோடு கல்லூரியில் பி.ஏ.யும் முடித்தவன் என்பதால் ஆங்கிலம் வாசித்துச் சொல்ல என்னைத் தேடுகிறார்கள். மருத்துவம் நான் படித்ததில்லை. ஆனால் அந்தத் தாள்களில் ஒரே சில சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டபின், மருத்துவர்களிடம் கேட்டும் வாசித்தும் அவற்றின் பொருளைத் தெரிந்துகொண்டேன். க்ரானிக் கேஸ்ட்ரைட்டிஸ், அட்ரோஃபி, இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா, டிஸ்பிளாசியா. இவைதான் அந்தச் சொற்கள்.

இவற்றைப் பார்க்கும் குடும்பங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. சிலர் 'மெட்டாபிளாசியா'வை மொபைலில் தட்டிப் பார்த்து, பக்கத்திலேயே 'கேன்சர்' என்ற சொல்லையும் கண்டு, அன்றோடு சாப்பாடும் உறக்கமும் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேறு சிலர், "எல்லாம் கேஸ்தான்" என்று தாளை அலமாரியில் போட்டுவிட்டு, மெடிக்கல் ஸ்டோரில் மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். முதல் கூட்டத்தார் பெரும்பாலும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். எனக்குக் கவலை இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றித்தான்.

நெய்யூரில் எழுதப்பட்ட வயிற்று வரலாறு

வயிற்று நோய் நம் பகுதிக்குப் புதிதல்ல. மருத்துவ வரலாற்றிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1922-இல் எவரெஸ்ட் சிகரம் ஏறும் முயற்சியில் பங்கெடுத்துவிட்டு, இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். அன்றைய தென் திருவிதாங்கூரில், இரணியல் பக்கத்திலுள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் ஒரே ஒரு அறுவை மருத்துவர் முன்னால் நோயாளிகள் திரண்டு காத்துக்கிடந்ததைக் கண்டார். லண்டனில் தனக்குக் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குப் போனபோது, கடுங்குளிரில் அவருடைய தொண்டையின் உட்படலமே உரிந்து மூச்சை அடைத்தது. நெஞ்சை அழுத்தி அதை இருமித் துப்பி உயிர் பிழைத்தார். அப்படிப்பட்டவர் பிறகு பல்லாண்டுகள் நம் மக்களின் இரைப்பையைத் திறந்து பார்ப்பதிலேயே காலம் கழித்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

ஏனென்றால் திருவிதாங்கூரில் குடல் புண் அவ்வளவு அதிகம். குறிப்பாக, இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில் வரும் புண். சாமர்வெல்லும் அவருடன் பணியாற்றிய ஆர் என்ற மருத்துவரும் 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். 1948-இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றி அவர் தனி நூலே வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். அதில் பெரும்பங்கு மரச்சீனிக்கிழங்கு. அந்த எலிகள் பலவற்றின் வயிற்றில் புண் கண்டது. ஆக, பழி மரச்சீனியின் மேல் விழுந்தது. சத்துக் குறைந்த உணவும் காரமும்தான் காரணம் என்று பல காலம் நம்பினார்கள்.

உண்மையான குற்றவாளி பிடிபட 1982 ஆக வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், அழற்சி கண்ட இரைப்பைகளில் சுருள் வடிவக் கிருமி ஒன்று இருப்பதைக் கண்டு, அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தும் காட்டினார்கள். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று எல்லோரும் நம்பிய காலம் அது; யாரும் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே ஒரு குவளையில் கலக்கிக் குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது, முன்பு நன்றாக இருந்த அவர் இரைப்பை அழற்சியால் சிவந்திருந்தது. கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புகையிலை போலவே புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

உட்படலத்தில் என்னதான் மாறுகிறது?

இரைப்பையின் உள்சுவரில் வெல்வெட் துணி போல ஒரு மென்மையான படலம் இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நுண்ணிய சுரப்பிகள். சில அமிலத்தைச் சுரக்கும், சில செரிமான நொதியைச் சுரக்கும், சில வழுவழுப்பான சளியைச் சுரந்து, அந்த அமிலம் சுவரையே அரித்துவிடாமல் காக்கும். இந்தப் படலத்தின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அல்லாஹ் அமைத்த அமைப்பு அப்படி. சிதைவதும் சீராவதும் அங்கே ஓயாத வேலை.

ஹெலிகோபேக்டர் கிருமி அந்தச் சளிக்கு அடியில் குடியேறுகிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்து சேர்ந்துவிடும். மருந்து கொடுத்து அழிக்காவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கும். அது இருக்கும்வரை படலத்தில் அழற்சி இருக்கும். அதுதான் க்ரானிக் கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது நாட்பட்ட இரைப்பை அழற்சி. பலருக்கு இதனால் எந்தத் தொல்லையும் தெரியாது.

பத்து, இருபது ஆண்டுகள் இப்படியே போனால், சிலருக்கு மட்டும் சுரப்பிகள் ஒவ்வொன்றாக அழிந்து படலம் மெலியும். அதைத்தான் அட்ரோஃபி என்கிறார்கள். வயல் தொடர்ந்து சேதமானால் நெல் நின்ற இடத்தில் வேறு புல் முளைப்பது போல, அழிந்த இரைப்பைச் செல்களின் இடத்தில் குடலில் இருக்க வேண்டிய வகைச் செல்கள் முளைக்கத் தொடங்கும். அதுவே இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா. சொல்லுக்குப் பொருள் 'குடல் வகையாக மாறியது' என்பதுதான், புற்றுநோய் என்பதல்ல. அதற்கும் அடுத்தது டிஸ்பிளாசியா. இங்கே செல்களின் உருவமும் ஒழுங்கும் கெட ஆரம்பிக்கின்றன. அதிலும் கடுமையான வகைதான் புற்றுநோயின் வாசலில் நிற்பது. கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொரியா என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1975-இல் இந்தப் படிகளை வரிசைப்படுத்திச் சொன்னார். இன்றும் மருத்துவர்கள் இதை அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

எத்தனை பேர் கடைசிப் படி வரை போகிறார்கள்? நெதர்லாந்தில் நாடு முழுவதும் பயாப்ஸி பதிவுகளை எடுத்து, இத்தகைய மாற்றம் கண்ட 92,000-க்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். அட்ரோஃபி உள்ள 1000 பேரில் ஆண்டுக்கு ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது. மெட்டாபிளாசியா உள்ள 1000 பேரில் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று பேர். லேசான அல்லது நடுத்தர டிஸ்பிளாசியாவில் 6 பேர். கடுமையான டிஸ்பிளாசியாவில் 60 பேர். ஆகவே மெட்டாபிளாசியா என்று வாசித்தவுடன் வீட்டில் அழுகுரல் எழுப்ப வேண்டியதில்லை. கடுமையான டிஸ்பிளாசியா என்று வந்தால் மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே தாளில், ஒரே மாதிரி எழுத்தில் அச்சாகும் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே அவ்வளவு தூரம்.

எல்லா இரைப்பைப் புற்றுநோயும் இந்தப் படிகளில் ஏறித்தான் வரும் என்பதில்லை. சுவருக்குள் பரவிச் செல்லும் ஒரு வகை இளம் வயதிலும் வரும். அது இத்தனை முன்னறிவிப்புத் தருவதில்லை. சில குடும்பங்களில் அது மரபணுக் கோளாறாகவே இறங்குகிறது. நியூசிலாந்தின் மாவோரி இனக் குடும்பம் ஒன்றில்தான் 1998-இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஒரே வீட்டில் இளவயதில் இரண்டு மூன்று பேர் வயிற்றுப் புற்றுநோயால் இறந்திருந்தால், இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரே கிருமி, இரண்டு வழிகள்

இந்தியாவில் வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. அப்படியானால் எல்லோருக்கும் ஏன் புற்றுநோய் வரவில்லை? இந்தக் கேள்விக்கான விடையில் நம் நெய்யூர் வரலாறும் வந்து சேர்கிறது.

கிருமி இரைப்பையின் அடிப்பகுதியில் மட்டும் தங்கினால் அமிலம் கூடுகிறது; அந்த அமிலம் வழிந்து முன்சிறுகுடலில் புண்ணை உண்டாக்குகிறது. சாமர்வெல் நாள்தோறும் பார்த்தது அதைத்தான். கிருமி மேலே ஏறி இரைப்பையின் நடு உடல் முழுக்கப் பரவினால், அமிலம் சுரக்கும் சுரப்பிகளே அழிகின்றன, அமிலம் குறைகிறது, மெட்டாபிளாசியாவுக்கும் புற்றுநோய்க்கும் வழி திறக்கிறது. ஜப்பானில் 1526 பேரைச் சராசரியாக ஏழே முக்கால் ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கிருமி இருந்த 1246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. முன்சிறுகுடல் புண் இருந்தவர்களில், அவர்களிடம் கிருமி இருந்தும், ஒருவருக்கும் வரவில்லை.

நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுவே. "முன்னால எல்லாம் நெஞ்சு எரியும், இப்போ அதுவும் இல்ல, வயிறு சரியாப் போச்சு" என்று அறுபதைத் தாண்டிய காக்காமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சரியாகியும் இருக்கலாம். ஆனால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் குறைந்துபோனாலும் எரிச்சல் அடங்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் காரணம் தெரியாத இரத்தசோகை, வைட்டமின் பி 12 குறைவு, கைகால் மரத்துப்போவது போன்றவை சேர்ந்து வந்தால், வைட்டமின் ஊசியோடு நிறுத்தாமல் இரைப்பையையும் பார்க்கச் சொல்வார் நல்ல மருத்துவர்.

யாருக்கு ஆபத்து கூடுதல்?

முதலில் கிருமி. அடுத்தது குடும்பம். வாப்பா, உம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்களுக்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. இரத்த உறவு மட்டும் காரணமில்லை. ஒரே கிருமி ஒரே வீட்டில் தாயிடமிருந்து பிள்ளைக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் போகிறது. ஒரே உப்பும் ஒரே புகையும் எல்லோருக்கும். கொரியாவில் இத்தகைய குடும்பங்களைச் சேர்ந்த, கிருமி இருந்த 1676 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கிருமிக்கான மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கும் பெறாதவர்களில் 23 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. ஒரு வாரம் விழுங்கிய மாத்திரைக்கு இவ்வளவு பலன்.

மூன்றாவது உப்பு. கடலோரத்தில் இருந்துகொண்டு கருவாட்டைப் பற்றித் தவறாகப் பேசினால் என் வீட்டிலேயே சண்டை வரும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். மிகையான உப்பு, இரைப்பையைக் காக்கும் சளியைச் சிதைக்கிறது. கிருமிக்கு வேலை எளிதாகிறது. உப்பில் ஊறவைத்துப் பாதுகாத்த உணவை அன்றாடம் உண்ணும் மக்களிடையே இந்த நோய் அதிகம் என்பது ஜப்பானிலும் கொரியாவிலும் நன்கு தெரிந்த செய்தி. உப்புத் தேநீரும் வெயிலில் உலர்த்திய மீனும் காய்கறியும் வழக்கமாயுள்ள காஷ்மீரிலும் உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்கள் அதிகம். அமெரிக்காவில் 1930-களில் ஆண்களின் புற்றுநோய் மரணங்களில் முதலிடத்தில் இருந்த இரைப்பைப் புற்றுநோய், வீடுகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்து, உப்பிட்ட உணவு குறைந்து, பச்சைக் காய்கறியும் பழமும் கூடியதோடு சேர்ந்து படிப்படியாகக் குறைந்தது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நெத்திலிக் கருவாடும் உப்பு மாங்காயும் ஒரே சாப்பாட்டில் இருந்தால் அந்தக் கணக்கு மத்தியானமே தீர்ந்துவிடும். கருவாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. தினமும் என்பதை எப்போதாவது என்று மாற்றுங்கள். நன்றாக ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். தொட்டுக்கொள்ளக் கருவாடு இருக்கும் நாளில் ஊறுகாய் வேண்டாம்.

நான்காவது புகையிலை. பீடி, சிகரெட் இரண்டும்தான். நாட்டிலேயே இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள மிசோரமில் புகைபிடிப்பதோடு, புகையிலைப் புகையை நீரில் செலுத்தி அந்த நீரை வாயில் அடக்கும் பழக்கமும் உண்டு. ஆய்வாளர்கள் அதையும் காரணமாகச் சுட்டுகிறார்கள். மது ஒரு காரணம் என்பதால் நமக்கு ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். மதுவைத் தொடாத எத்தனையோ பேர் பீடிக்கட்டோடு கடலுக்குப் போகிறார்கள்.

காரம், சூடு பற்றிக் கேட்பார்கள். திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டர் ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மிளகாய் மிக அதிகமாகச் சேர்ப்பவர்களிடமும் உணவைக் கொதிக்கக் கொதிக்க உண்பவர்களிடமும் இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. நம் பகுதி நோயாளிகள் காலங்காலமாகத் தேடிப் போகும் இடம் அது. நம் சமையலுக்கு மிக நெருங்கிய சமையலை உண்பவர்களிடம் நடந்த ஆய்வு. கட்டன் சாயாவை அடுப்பிலிருந்து இறக்கியதும் தொண்டையில் ஊற்றுவதில் வீரம் ஒன்றும் இல்லை.

வயது கூடுதல், ஆணாக இருப்பது, ஏ வகை இரத்தம் ஆகியவையும் ஆபத்தைச் சற்றுக் கூட்டும். அவற்றை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு குடல் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் இரைப்பையில் 15, 20 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு. குடல் புண் அறுவை மிகுதியாக நடந்த மாவட்டம் இது. வீட்டுப் பெரியவர் ஒருவரின் வயிற்றில் அந்தப் பழைய தழும்பு இருந்தால், எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

நம் மாநிலத்தில் இந்த நோய் எங்கோ இருப்பதல்ல. அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் பராமரித்துவரும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது.

கேஸ் மாத்திரை செய்யும் மறைப்பு

காலையில் வெறும் வயிற்றில் போடும் பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் நல்ல மருந்துகள்தான். மருத்துவர் சொன்ன அளவுக்கும் சொன்ன காலத்துக்கும். மருத்துவரைப் பார்க்காமலே ஐந்தாறு வருடம் விழுங்குவதில்தான் சிக்கல். அவை அமிலத்தை அடக்கி வலியைப் போக்கும், கிருமியை அழிக்காது. ஆரம்ப நிலைப் புற்றுநோயின் புண்கூட இந்த மாத்திரையால் கொஞ்ச காலம் ஆறியது போலத் தோன்றி ஏமாற்றும். கிருமிக்கான பரிசோதனையும் பொய் சொல்லும். இருக்கும் கிருமியை 'இல்லை' என்று காட்டும். ஆகவே பரிசோதனைக்குப் போகுமுன் இந்த மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் எதையும் நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள்.

சில அறிகுறிகளுக்கு மாத்திரையே போடாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். உடல் எடை காரணமின்றிக் குறைவது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது. விழுங்கும்போது அடைப்பது. தார் போலக் கறுப்பாக மலம் போவது. இரத்த வாந்தி அல்லது ஓயாத வாந்தி. சோகை. இதுவரை வயிற்றுத் தொல்லையே இல்லாமல் ஐம்பதையொட்டிய வயதில் புதிதாகத் தொடங்கும் அஜீரணம். பெண்கள் இந்தப் பட்டியலில் பலவற்றை "வேலை அசதி" என்று மறைத்துக்கொள்கிறார்கள். வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டும்.

எண்டோஸ்கோப்பி செய்யும்போது, படலம் சந்தேகமாகத் தெரிந்தால் இரைப்பையின் அடிப்பகுதி, நடுப்பகுதி இரண்டிலிருந்தும் திசு எடுத்துத் தனித்தனியே அனுப்புவார்களா என்று கேளுங்கள். மாற்றம் ஓரிடத்தில் மட்டுமா, பரவியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் அடுத்த கட்டம் தீர்மானமாகிறது. பரவலான மாற்றம் உள்ளவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்கச் சொல்கின்றன ஐரோப்பிய மருத்துவ நெறிமுறைகள். ஓரிடத்தில் மட்டும் லேசாக இருந்து, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை, கிருமியும் அழிந்துவிட்டது என்றால் பெரும்பாலும் அடிக்கடி பார்க்கத் தேவையில்லை.

கிருமிக்கான சிகிச்சை பொதுவாக 14 நாள். இரண்டு மூன்று ஆன்டிபயாடிக்குகளும் அமிலத்தை அடக்கும் மாத்திரையும் சேர்ந்து. வாய் கசக்கும், வயிறு குமட்டும். ஏழாம் நாள் "நல்லாயிட்டு" என்று நிறுத்திவிடுகிறார்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் மருந்துக்கு அசையாத கிருமியை நாமே வளர்த்துவிடுவோம். முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் பரிசோதனையை நம்மில் மிகச் சிலரே செய்கிறார்கள். தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் மக்கள் எல்லோரையும் பரிசோதித்து, கிருமி உள்ளவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் அங்கே பாதிக்குப் பாதியாகக் குறைந்ததாக 2021-இல் அறிவித்தார்கள். படலம் கெடுவதற்கு முன்பே கிருமியை அழித்தால் பலன் அதிகம்; மெட்டாபிளாசியா வந்தபின் அழித்தாலும் ஆபத்து குறையும், ஆனால் கண்காணிப்பை விட முடியாது.

நோன்பு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எண்டோஸ்கோப்பிக் குழாய் வாய்வழியே இரைப்பைக்குள் போவதால் ஷாஃபிஈ மத்ஹபின்படி நோன்பு முறியும். ஹனஃபி மத்ஹபிலும், குழாயில் தடவும் ஜெல்லும் உள்ளே பீய்ச்சும் நீரும் சேர்வதால் முறியும் என்றே உலமாக்கள் பலர் கூறுகிறார்கள். மூச்சுப் பரிசோதனையிலும் ஒரு கரைசலைக் குடிக்க வேண்டும். அவசரமில்லாத சோதனையை ரமலானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். இரத்தப்போக்கு, எடைக்குறைவு போன்ற அறிகுறி இருந்தால் பெருநாள் கழியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, அந்த நோன்பைப் பிறகு களாச் செய்யலாம். பதினான்கு நாள் மருந்தில் சிலருக்கு நாளுக்கு நான்கு வேளை வரும். அதை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே நாமே திணித்துக்கொள்ளாமல், எழுதித் தரும் மருத்துவரிடமே முன்கூட்டிச் சொல்லி முறையை மாற்றக் கேளுங்கள். நோன்பு திறந்ததும் எண்ணெயில் பொரித்த பலகாரத்தை வெறும் வயிற்றில் நிரப்பிவிட்டு, நோன்பால்தான் கேஸ் வந்தது என்று சொல்வது நியாயமில்லை.

ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோய் உட்படலத்திலும் அதற்கு அடுத்த மெல்லிய அடுக்கிலும் மட்டும் நின்று, தசை அடுக்குக்குள் இறங்காத நிலை அது. ஜப்பானியர்கள் 1962-இல் இதற்கு வரையறை தந்தார்கள். இந்த நிலையில் கண்டுபிடித்துச் சிகிச்சை பெறுபவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். அதிலும் மிக மேலோட்டமானவற்றை வயிற்றைக் கிழிக்காமல், எண்டோஸ்கோப்பி வழியாகவே உரித்து எடுத்துவிடுகிறார்கள். கொரியாவில் 40 வயதானவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசே இந்தப் பரிசோதனையைச் செய்கிறது. நம் நாட்டில் அப்படி ஊரெல்லாம் பரிசோதிக்கும் திட்டம் இல்லை. பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வந்து சேர்கிறார்கள். ஆகவே யார் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நோய் உறுதியானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வாப்பாவோ உம்மாவோ வயிற்றுப் புற்றுநோயில் மௌத்தாகி, பிள்ளைகள் ஊரிலும் வளைகுடாவிலுமாகச் சிதறியிருக்கும் வீடுகள் நம்மிடம் உண்டு. அந்தப் பிள்ளைகளில் யார் எந்த நாட்டில் இருந்தாலும், அங்கேயே கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளலாம். லீவுக்கு ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முடிவு வந்ததும் அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வாப்பாவின் பழைய பயாப்ஸித் தாளோடு சேர்த்து ஒரே கவரில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்து தம்பியோ தங்கையோ வயிற்றுக்காக மருத்துவரிடம் போய் உட்காரும்போது, அவர் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.